அபினும் அதன் முறிவும்: சொல்லும் பொருளும்

பினாங்கின் வரலாற்றை எழுதுவோர் அபினை ஒதுக்கிவிட இயலாது. 1786இல் ஆங்கிலேயர் இத்தீவில் காலூன்றிய பின், அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு பெருவருவாய் ஈட்டியது. 1879இல் இங்குப் பிறந்த மருத்துவர் ஊ லியன் தே, கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பி அபினுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். 1906இல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாடு கூடியது. அக்காலத்தை ஒட்டி, மலாயாக் காட்டுக்கொடி ஒன்றன் இலைக் கசாயம் அபின் பழக்கத்தை ஒழிக்கும் என்ற நம்பிக்கை பரவியது. ஆயினும் அது நிலைக்கவில்லை.

அபின் நரம்புச் செல்லில் எவ்விடத்தைப் பற்றுகிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. மருந்துகளை ஏற்கும் பொருள் செல்லில் உண்டு என்று 1905இல் லாங்லி கருதினார். இன்று அதனை ‘ஏற்பி’ என்கிறோம். மூச்சை ஆளும் நரம்புச் செல்களின் ஏற்பிகளில் மார்பின் அமரும்போது அச்செல்களின் செயல் ஒடுங்குகிறது. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். 1960களின் தொடக்கத்தில் உருவான நலாக்சோன், அதே ஏற்பியில் தான் அமர்ந்து மார்பினை விலக்குகிறது; ஆனால் ஏற்பியைத் தூண்டுவதில்லை. எனவே சில நிமிடங்களில் மூச்சு மீள்கிறது. 1973இல் பெர்ட்டும் சினைடரும் கதிரியக்கமூட்டிய நலாக்சோனைக் கொண்டே அபின் ஏற்பி இருப்பதை மெய்ப்பித்தனர். முறிவு மருந்து முன்னே வந்தது. அது பற்றும் இடம் பின்னரே தெளிவாயிற்று.

இங்குச் சொல்லாட்சியில் நாம் கருத்தூன்ற வேண்டும். ‘முறிவு’ என்றதும் நஞ்சு உடைந்து அழிகிறது என்று மாணவர் எண்ணக்கூடும். நலாக்சோன் மார்பினை உடைப்பதில்லை, இடம்பெயர்க்கிறது, அவ்வளவே. அதன் ஆற்றல் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்களில் தணியும். உடலில் எஞ்சிய மார்பின் மீண்டும் ஏற்பியைப் பற்றலாம். ஆகவே மூச்சு மீண்டவரையும் மருத்துவக் கண்காணிப்பில் வைத்தல் வேண்டும்.

‘மாற்று மருந்து’ என்பதிலும் மயக்கம் உண்டு. வழக்கில் அது நஞ்சு நீக்கும் மருந்தையும் குறிக்கிறது. மலேசியாவில் 2005 முதல் வழங்கப்படும் மெத்தடோனோ, ஏற்பியைத் தூண்டி, ஹெராயினின் இடத்தில் நின்று, பழக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது. மாற்று என்னும் பெயர் இதற்கே பொருந்தும்; நலாக்சோனுக்கு முறிவு என்பதே தகும்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம், அபின் ஏற்பிகளைப் பற்றும் பொருள்களைக் கொண்ட கெத்தும் இலையை ஆராய்ந்து வருகிறது. அத்தகைய ஆய்வைத் தமிழில் கற்பிக்க விழையும் ஆசிரியர், இவ்விரு சொற்களையும் முதல் வகுப்பிலேயே பிரித்துணர்த்துவாராக.