உடல்வலியாக வரும் மனச்சோர்வு: பேராவூரணிக் கடைமடையை முன்வைத்து

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள பேராவூரணி வட்டாரம் நெல்லோடு தென்னையையும் நம்பி வாழ்வது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல், காய்ப்பிலிருந்த தோப்புகளை வேரோடு சாய்த்தது. புதிதாக வைத்த நெட்டைக் கன்று பாளை விட ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். கடனுக்கான வட்டி அதுவரை காத்திருக்காது. இத்தகைய நீடித்த இழப்பு மனச்சோர்வுக்கு இடம் கொடுக்கும் என்பதில் ஐயமில்லை. அது மருத்துவரிடம் எந்த உருவில் வந்து சேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

"மேலெல்லாம் வலி, கைகால் ஓய்ச்சல், சோறு இறங்கலை, ராத்திரி தூக்கமில்லை, ஒரு சத்து ஊசி போடுங்க." சிற்றூர் மருத்துவமனைகளில் கேட்கும் முறையீடு இது. கிராமத்தாரின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெங்களூரு உட்பட 14 நாடுகளின் 15 மையங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 1999இல் வெளியானது. மனச்சோர்வு கண்டறியப்பட்ட 1,146 பேரில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் உடல் உபாதைகளை மட்டுமே சொல்லியிருந்தனர்.

அந்த வலி கற்பனையும் அன்று. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளில் செரடோனினும் நார்அட்ரினலினும் பணிபுரிகின்றன. மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருள்களும் இவையே. நோயாளிகள் பலரிடம் கார்ட்டிசால் சுரப்பு தாறுமாறாகிறது; ஒரு பகுதியினரிடம் அழற்சிக் குறியீடுகள் உயர்கின்றன. விளைவு வலியோடு நிற்பதில்லை. மாரடைப்பிலிருந்து மீண்ட 222 பேரை மான்ட்ரியாலில் பின்தொடர்ந்த 1993ஆம் ஆண்டு ஆய்வு, மனச்சோர்வுடையோர் ஆறு மாதங்களுக்குள் இறக்கும் வாய்ப்பு கூடுதல் எனக் காட்டியது.

நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டவருக்கு இடுப்பு வலிப்பதையும் நோயாக்குவதா என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பு. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்காமல் வலிக்கு மனத்தைக் காரணம் காட்டுவது தவறு. எனினும், உழைப்பின் களைப்பு பெரும்பாலும் ஓய்வில் தணியும். கடும் மனச்சோர்விலோ, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். காலையிலேயே அசதி மிகுந்திருக்கும். பிடித்த வேலையிலும் நாட்டம் போய்விடும். இரண்டு வாரங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் வலி மாத்திரையோடு நிறுத்தக் கூடாது.

உடலையும் மனத்தையும் ஒரே இடத்தில் கவனிக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சென்னை உள்ளிட்ட நகரங்களின் 4 மையங்களில், நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையைவிட ஒருங்கிணைந்த சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வும் சர்க்கரை உள்ளிட்ட உடல்நலக் குறியீடுகளும் கூடுதலாகச் சீரடைந்தன.

ஆகவே மனநல மருத்துவரைத் தேடி நோயாளி தஞ்சாவூர் செல்லட்டும் என்று காத்திருப்பது பயன் தராது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறார். கடந்த இரு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்னும் இரண்டு கேள்விகளை அவர் தவறாமல் கேட்க வேண்டும். ஆம் என்பவரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பரிசோதித்து, தேவைப்படின் மாவட்ட மனநலத் திட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். உடல் வழியாக வரும் நோயை உடலுக்கு மருத்துவம் பார்க்கும் இடத்திலேயே கண்டுபிடிப்பதுதான் முறை.