மறைந்த பந்தயமும் மறையாத பெயரும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டனர். மன்னர்களின் வரலாற்றை நம் மாணவர்கள் பாடநூல்களிற் படிக்கின்றனர். மாமல்லபுரத்துக் கற்கோயில்களின் வரலாற்றை வழிகாட்டிகள் நாள்தோறும் சொல்லுகின்றனர். ஆதலின், பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத ஒரு விளையாட்டுப் பந்தயத்தின் வரலாற்றை எழுத முற்பட்டேன். விளையாட்டிற்கு என்ன வரலாறு என்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டா. மைதானத்தைச் சமன் செய்தவர் யார், மட்டை பிடித்தவர் யார், தலைமை ஏற்றவர் யார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டால், ஒரு நாட்டின் சமுதாய அமைப்பே நமக்கு விளங்கிவிடும்.

கிரிக்கெட் ஆட்டம் ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்தது. நமக்கு அண்மையிலுள்ள சென்னைச் சேப்பாக்கத்தில், வெள்ளையரின் சங்கத்து விருந்து மண்டபத்துள் இந்திய ஆட்டக்காரர்க்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் புச்சி பாபு நாயுடு 1888இல் இந்தியருக்கெனத் தனிச் சங்கம் கண்டார். பின்னர் 1915-16 பருவம் முதல் 1951-52 பருவம் வரை, பொங்கலையொட்டி இந்தியரும் ஐரோப்பியரும் மோதும் மாகாணப் பந்தயம் அங்கு நடைபெற்றது. அதனினும் பெரும்புகழ் பெற்றிருந்தது பம்பாய்ப் பந்தயம். அங்கே ஆட்டக்காரர்கள் மதத்தாலும் இனத்தாலும் பிரிக்கப்பட்டனர். முதலில் ஐரோப்பியரும் பார்சிகளும் ஆடினர். 1907இல் இந்துக்கள் சேர, அது முத்தரப்புப் போட்டி ஆயிற்று. 1912இல் முஸ்லிம்கள் சேர, நாற்றரப்புப் போட்டி ஆயிற்று. 1937இல் கிறித்தவர் முதலிய ஏனையோர் ஓர் அணியாகச் சேர, ஐந்தரப்புப் போட்டியாக வளர்ந்தது.

இவ்வாறு பிரிக்கப்பட்ட அணிகளில் நம்மவர்க்கு இடம் எங்கே? இக்கேள்விக்கு விடையாக நிற்பவர் பல்வங்கர் பாலு.

பாலு 1876ஆம் ஆண்டில் தார்வாரில் பிறந்தார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாமர் வகுப்பைச் சேர்ந்தவர். தந்தையார் இராணுவத்திற் பணியாற்றியவர். அக்குடும்பம் பூனாவில் வாழ்ந்தபோது, அதிகாரிகள் கழித்துப்போட்ட பந்தும் மட்டையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினர். பாலுவின் முதல் வேலை ஆட்டக்காரர் வேலையன்று, மைதானத்து வேலையே. பார்சிகளின் சங்கம் ஒன்றில் மாதம் 3 ரூபாய்ச் சம்பளத்துக்குத் தரையைப் பெருக்கிச் சமன் செய்தார். பின்னர் ஐரோப்பியரின் பூனாச் சங்கத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். தரையில் உருளையை இழுப்பதும், கோடு போடுவதும், வலை கட்டுவதும் அவர் பணிகள். அங்கே வெள்ளைத் துரைமார் மட்டை வீசிப் பழகுவதற்காகப் பந்து வீசும் பணியும் அவரிடம் வந்தது. மணிக்கணக்கில் பந்து வீசினார். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் கலை அவருக்கு அங்கேதான் கைவந்தது. ஆனால் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு ஒரு நாளும் தரப்படவில்லை.

அவருடைய புகழ் பரவவே, ஐரோப்பியரை வெல்லத் துடித்த பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியிற் சேர்ப்பதா வேண்டாவா என்று தமக்குள் வாதிட்டனர். முடிவில் சேர்த்துக்கொண்டனர். பாலு தொட்ட பந்தை மைதானத்தில் எல்லாரும் தொட்டனர். ஆனால் இடைவேளையில் அவருக்கு மட்டும் மண்டபத்துக்கு வெளியே, மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனியே. அவருடைய கை வேண்டியிருந்தது, அவர் உடனிருப்பது வேண்டியிருக்கவில்லை.

இதனைப் படித்தபோது என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நான் படித்த பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. விளையாட்டு விழாவுக்கு முதல் நாள், எங்கள் தெருப் பிள்ளைகள்தாம் மைதானத்து முள்ளைப் பொறுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். மறுநாள் ஊர்ப் பிள்ளைகள் ஆடினர். எல்லைக்கு வெளியே ஓடும் பந்தை எடுத்து வருவது எங்கள் வேலையாயிற்று. தாகம் எடுத்தபோது குவளை எங்கள் கைக்கு வரவில்லை. குவித்த கைகளில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். நான் குடித்தேன். என் நண்பன் ஒருவன் கையை விலக்கிக்கொண்டு, குடிக்காமலே நடந்து வீடு சேர்ந்தான். எங்கள் இருவரில் வரலாறு அறிந்தவன் அவனே என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

பாலு பின்னர்ப் பம்பாய் சென்று இந்து அணியில் ஆடினார். 1906 பிப்ரவரியில் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றது. அவ்வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரும் பங்குண்டு. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பெரும்பாலான ஆட்டங்களில் அவ்வணி தோற்றது. ஆயினும் பாலு மட்டும் அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தாயகம் திரும்பியபோது பம்பாயில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மக்கள் அவருக்கு வரவேற்பளித்துப் போற்றினர்.

ஆற்றலை ஐயுற இனி எவர்க்கும் இடமில்லை. இருந்தும் தலைமைப் பதவி அவருக்கு வரவில்லை. அணிக்கு அவர் விரல்கள் போதும், அவர் சொல்லுக்குப் பிறர் பணிந்து நடப்பது கூடாது என்பதே அந்நாளைய மேல்சாதி மனப்பான்மை. 1920ஆம் ஆண்டுப் போட்டியில் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அப்போது தம்பியர் சிவராமும் விட்டலும், தமக்குக் கிடைத்த இடத்தைப் பற்றிக்கொண்டு வாளாவிருக்கவில்லை. சாதியின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதி இதுவென அறிக்கை விடுத்து அணியிலிருந்து விலகினர். தீண்டாமைக்கு எதிரான குரல் நாடெங்கும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. மக்களின் ஆதரவு சகோதரர்கள் பக்கம் திரண்டது. இறுதி ஆட்டத்தில் மூவரும் மீண்டும் இடம்பெற்றனர். பாலு துணைத்தலைவரானார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1923இல், தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு அவ்வணியே வெற்றி பெற்றது.

அதே 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்ததையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அந்நாட்டின் தேசிய விளையாட்டு பேஸ்பால். அதன் பெரிய அணிகளில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. ஆகவே ரூப் ஃபாஸ்டர் என்னும் கறுப்பின வீரர் கன்சாஸ் நகரில் அணி உரிமையாளர்களைக் கூட்டி, கறுப்பினத்தவர்க்கெனத் தனிப் போட்டி அமைப்பை உருவாக்கினார். 1931இல் அது நலிந்து மறைந்தது. 1933இல் வேறோர் அமைப்பு அதே பெயரில் எழுந்து 1948 வரை நடந்தது. 1947இல் ஜாக்கி ராபின்சன் பெரிய அணியொன்றில் சேர்ந்து நிறத்தடையைத் தகர்த்ததும், அத்தனி அமைப்புகளின் தேவை குறைந்து அவை மறைந்தன. 2024ஆம் ஆண்டில்தான் அவ்வீரர்களின் ஓட்டங்களும் வெற்றிகளும் அந்நாட்டுப் பேஸ்பாலின் முதன்மைப் பதிவேடுகளில் சேர்க்கப்பட்டன. பலர் அதைக் காண உயிரோடு இல்லை.

கறுப்பினத்தார் தமக்கென அமைப்புக் கண்டனர். நம்மவர் பிறர் அமைப்புக்குள் நின்று உரிமை கேட்டனர். வழிகள் வேறாயினும், இரண்டிடத்தும் ஆற்றல் மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை. ஒன்றுபட்டு மறுத்து நின்றபோதே கதவு அசைந்தது.

பாலுவின் பெயர் நம் மாவட்டத்தாரின் பெயர்களோடு இணைந்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1932 செப்டம்பர் 24ஆம் நாள் எரவாடாவில் எழுதப்பட்ட பூனா ஒப்பந்தத்தில், அண்ணல் அம்பேத்கரோடு கையொப்பமிட்டவர்களில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் உண்டு. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலையிற் பிறந்த எம். சி. ராஜாவும் உண்டு. பல்வங்கர் பாலுவும் உண்டு. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு 11,225 பெற்றுத் தோற்றார். நம்மவர் இருவரை எதிரெதிரே நிறுத்திப் பிறர் பயனடைய முயன்ற இந்நிகழ்ச்சியில், இன்றைய இளைஞர்க்கும் எச்சரிக்கை உண்டு. அதன்பொருட்டு பாலுவின் தொண்டு சிறியதாகிவிடாது. அவர் 1955 ஜூலையில் மறைந்தார்.

பம்பாய்ப் பந்தயம் அவருக்கு முன்பே மறைந்துவிட்டது. மதத்தின் பெயரால் அணி பிரித்து ஆடுவது தகாது என்று காந்தியடிகள் 1940 டிசம்பரில் கருத்துரைத்தார். அதன்பின்னும் சில ஆண்டுகள் நடந்தது. 1943இல் ஏனையோர் அணியின் 387 ஓட்டங்களில் விஜய் அசாரே ஒருவரே 309 எடுத்த அருஞ்செயலும் அப்பந்தயத்திலேதான். ஆயினும் நாட்டைப் பிளக்கும் மதப்பகை வளர்ந்த அந்நாளில், அப்பந்தயத்தைத் தொடர்வது ஏற்கத்தக்கதன்று என்ற எண்ணம் வலுத்தது. 1945-46 பருவத்தோடு அது முடிவுற்றது. மாகாண அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைப் போட்டியே நிலைத்தது. பிரிவினையின் மேற் கட்டிய மேடை எத்துணை அழகியதாயினும் நில்லாது என்பதற்கு இதுவே சான்று.

மாமல்லபுரக் கடற்கரையில் நம் குடியிருப்புப் பிள்ளைகளும் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளும் தென்னைமட்டை கொண்டு மாலை வேளையில் ஆடக் காண்கிறேன். அங்கே தனிக்குவளை இல்லை. அது பெருமகிழ்ச்சி. ஆனால் தேர்வுக் குழுவிலும், அலுவலகத்திலும், சட்டமன்றத்திலும் தலைமை யாருக்கு என்னும் கேள்வி இன்னும் தீரவில்லை. இளைஞர்களே! உங்கள் ஆற்றலைப் பிறர் பயன்படுத்திக்கொள்வதே பெருமையென்று நிறைவடையாதீர்கள். பாலுவைப் போல் கலையிற் சிறந்து விளங்குங்கள். தம்பியரைப் போல், உடன்பிறந்தானுக்கு அநீதி நேர்ந்தால் உங்கள் இடத்தையே துறக்கத் துணியுங்கள். அத்துணிவைத் தருவது கல்வி. அக்கல்வியைத் தருவதற்கென்றே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர் இச்சங்கத்தைக் கண்டனர்.