காவடிச் சிந்து: ஒரு மெட்டின் பயணம்

காவடிச் சிந்து என்பது முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் வழிநெடுகப் பாடும் இசைப்பாட்டு வகையாகும். நடைக் களைப்புத் தெரியாமலிருக்கப் பாடிய வழிநடைச் சிந்துக்கு இது நெருங்கிய உறவு.

அண்ணாமலை ரெட்டியார்

வாய்மொழியாக வழங்கிய இந்த மெட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் இலக்கியத் தகுதி தந்தவர், சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப் புலவர். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது உடன் நடந்து பாடியவையே இச்சிந்துகள் என்பர். மக்கள் நாவிலிருந்த மெட்டில் எதுகையும் மோனையும் இயைபும் செறிந்த சொற்களை அவர் நிரப்பினார். முப்பது வயது நிறையுமுன்பே மறைந்தார்.

அடுத்த தலைமுறைகள்

கழுகுமலைக்குத் தொலைவில்லாத எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார், சிந்து யாப்பில் பக்தியோடு நாட்டுப்பற்றையும் பாடினார். பின்னர் காவடிச் சிந்து கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாக இடம்பெற்றது. நாகசுரத்திலும் பரதநாட்டியத்திலும் புகுந்தது. மேடைக்கு வந்தபோது செஞ்சுருட்டி போன்ற இராகங்களின் சாயல் தெளிவானது, கமகங்கள் கூடின, வேகம் பாடுபவரைப் பொறுத்து மாறியது.

மாறாதது

பெரும்பாலும் 'தகிட தகிட' என மும்மூன்றாக விழும் நடை மட்டும் மாறவில்லை. அது காவடி தூக்கியவரின் காலடி. வடகரையை அடுத்த பண்பொழித் திருமலைக்குக் காவடி செல்லும்போதும் அதைக் கேட்கலாம்.

மெட்டை அறிந்தவர் பலர். புலவரை அறிந்தவர் சிலர். ஆனால் அவர் தம் ஊர்ப்பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். அந்தப் பாட்டை எந்த மேடையில் பாடினாலும் சென்னிகுளமும் உடன் ஒலிக்கிறது.