சொல் மாற்றமும் சபை மக்களும்: தமிழ் விவிலியத் திருத்தங்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழ் விவிலிய வரலாறு பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. திருத்தங்களை ஏற்ற, அல்லது ஏற்க மறுத்த சபை மக்களும் அவ்வரலாற்றின் பங்காளிகளே. இறைவனைக் குறிக்கும் சொல் மாறிய வரலாற்றின்வழி அவர்களின் நிலையை ஈண்டு நோக்குவோம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றது. அவருக்குப் பின்வந்த பப்பிரீசியுஸ் 'பராபரன்' என்னும் சொல்லைக் கையாண்டார். அவருடைய மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் பொன்னெனப் போற்றினர். பின்னர்ப் பல மிஷன்களின் சார்பாளர்கள் கூடி, ஹென்றி பவர் தலைமையில் உருவாக்கிய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. கால்டுவெல்லும் இத்திருத்தப் பணியில் பங்குகொண்டார். இதில் 'பராபரன்' நீங்கித் 'தேவன்' இடம்பெற்றது. ஆயினும் லுத்தரன் சபையார் தம் பழைய நூலையே நெடுங்காலம் போற்றினர்.

இதனை வெறும் பழமைப் பற்று எனல் பொருந்தாது. எளிய மக்களுக்கு மறைநூல் செவிவழி நெஞ்சில் பதிந்த நூலாகும். திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும் கேட்ட சொல் மாறுங்கால், அச்சொல்லோடு பிணைந்த நினைவும் அசைக்கப்படுகிறது. மூலத்திற்கு நெருக்கமானது என்னும் அறிஞர் விளக்கம் மட்டும் அவ்விழப்பை ஈடுசெய்யாது. 'கடவுள்' என்னும் சொல்லை ஏற்ற 1936ஆம் ஆண்டின் லார்சன் திருத்தம், பொது வழிபாட்டில் 1871ஆம் ஆண்டு நூலின் இடத்தைப் பெற இயலாமற் போனதும் இவ்வகையில் எண்ணத்தக்கது.

கத்தோலிக்கரின் பட்டறிவு வேறாகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழிவகுத்தது. அதன்பின் 'சர்வேசுரன்', 'பூசை' என்பனவற்றின் இடத்தில் 'இறைவன்', 'திருப்பலி' என்பன வழங்கலாயின. இங்குச் சொல் மாற்றம் தனித்து வரவில்லை. விளங்காத இலத்தீன் நீங்கி விளங்கும் தமிழ் வந்த பெரும்பேற்றோடு சேர்ந்து வந்தது. சீர்திருத்தச் சபையாருக்கோ, முன்பே அறிந்த தமிழுக்கு மாற்றாக வேறொரு தமிழே தரப்பட்டது. இரு திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தபோது, அது கத்தோலிக்க வழிபாட்டில் நிலைபெற்றது. சீர்திருத்தச் சபைகளிலோ 1871ஆம் ஆண்டு நூலே இன்றும் பரவலாக ஒலிக்கிறது.

ஆகவே, மாற்றத்தின் சரிமை ஒன்றே அதன் ஏற்புக்குப் போதியதன்று. மக்கள் பெறுவது யாது என்பதைத் தெளிவுறுத்துவதும், அவர்கள் இழப்பதை மதிப்பதும், பழஞ்சொல்லும் புதுச்சொல்லும் சிலகாலம் உடன் வாழ இடந்தருவதும் வேண்டும். கலைச்சொற்களைத் திருத்தி வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் நமக்கும் இது பொருந்தும் எனலாம்.