மாமல்லபுரம்: ஒரு பீச் ட்ரிப்பின் 250 வருடக் கதை

கடற்கரைக்கு விடுமுறை போவது இன்றைக்குப் பத்து நிமிட வேலை. மொபைலில் ரூம் பார்த்து, பணம் கட்டி, சனிக்கிழமை காலை கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு. ஜமைக்கா, பார்படாஸ் என்று கரீபியன் தீவுகளின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சென்னை, செங்கல்பட்டுப் பையன்களுக்குக் கைக்கு எட்டுகிற ஆறுதல் மாமல்லபுரம்தான். மணல் இருக்கிறது, அலை இருக்கிறது, சவுக்குத் தோப்பு இருக்கிறது, பொரித்த மீன் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஆனால் இதே ஊருக்குப் போக ஒரு காலத்தில் நாள்கணக்கில் திட்டம் போட வேண்டியிருந்தது. அந்தத் திட்டம் எப்படி மாறிக்கொண்டே வந்தது, அதனால் ஊருக்கு என்ன வந்தது, என்ன போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சும்மா பார்க்க வந்தவர்கள்

மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகம். "மாமல்லன்" என்ற பட்டம் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் 7ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராஜசிம்மன் காலத்தது. வைணவர்களுக்கு இது கடல்மல்லை, 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த ஊர். ஆகவே வியாபாரத்துக்கு வந்தவர்களும் சாமி கும்பிட வந்தவர்களும் எப்போதும் உண்டு. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்தான் புதுசு!

அப்படி வந்து விரிவாக எழுதி வைத்தவர்களில் முந்தியவர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். 1772லும் 1776லும் வந்தார். அவர் எழுதிய கட்டுரை 1788இல் கல்கத்தாவின் ஆசியச் சங்கத்து ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளிவந்தது. கப்பல்காரர்கள் இந்த ஊரை "ஏழு பகோடா" என்று அழைத்தார்கள். ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற கதையும் சேர்ந்துகொள்ள, ஊரின் பெயர் லண்டன் வரை பரவியது. 1869இல் கேப்டன் கார் என்பவர் மாமல்லபுரத்தைப் பற்றி அதுவரை வந்த கட்டுரைகளைத் திரட்டி ஒரே புத்தகமாகவே போட்டார். இன்றைய கணக்கில் சொன்னால், ஊருக்கு விளம்பரம் கிடைத்தாகிவிட்டது. வழிதான் இல்லை.

படகில் ஒரு ராத்திரி

அந்த வழியைத் திறந்தது பக்கிங்காம் கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டியதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் நீண்டது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த துண்டு 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்த மக்களுக்கு வேலையும் கூலியும் கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு நிலைத்தது. மொத்த நீளம் சுமார் 420 கிலோமீட்டர்.

இந்தக் கால்வாய் மாமல்லபுரத்துக்கு மேற்கே, ஊரை ஒட்டியே போகிறது. விறகு, உப்பு, நெல் ஏற்றிப் போன அதே தண்ணீரில் துரைமார்களும் ஏறினார்கள். சாயங்காலம் சென்னையில் படகு ஏறினால், இரவெல்லாம் தூங்கிக்கொண்டே போய் காலையில் மாமல்லபுரம். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ள வேண்டும், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். துரை தூங்கினார், இழுத்தவர் தூங்கவில்லை. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஊரில் ஹோட்டல் என்று ஒன்றும் கிடையாது. அரிசி, கோழி, குடிதண்ணீர், படுக்கை, சமையல்காரர் எல்லாவற்றையும் கூடவே கொண்டு போக வேண்டும். திட்டமிடுவது என்றால் அதுதான் திட்டமிடுவது!

அதே காலத்தில் கரீபியனில் என்ன நடந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜமைக்காவின் போர்ட் அன்டோனியோ என்ற சிற்றூருக்கு பாஸ்டனிலிருந்து வாழைத்தார் ஏற்றக் கப்பல்கள் வந்தன. கப்பல் வரும்போது காலியாக வருகிறதே, அதில் ஆட்களை ஏற்றினால் என்ன என்று யோசித்தார் லாரன்ஸோ டவ் பேக்கர் என்ற வாழை வியாபாரி. அமெரிக்கக் குளிருக்குப் பயந்தவர்களை ஏற்றி வந்து தங்கவைக்க, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டிச்ஃபீல்டு ஹோட்டலையும் நடத்தினார். வாழைக்கும் லாபம், ஆளுக்கும் லாபம். அங்கே கப்பலோடு ஹோட்டலும் வந்தது. இங்கே படகு மட்டும் வந்தது, ஹோட்டல் வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது.

செங்கல்பட்டு வழி

1870களில் தெற்கே போகும் ரயில் பாதை செங்கல்பட்டைத் தொட்டதும் இரண்டாவது வழி திறந்தது. செங்கல்பட்டில் இறங்கி, ஏரிக்கரைக் கோட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு (1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை அது), மாட்டு வண்டியிலோ ஜட்காவிலோ சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். பாதி வழியில் திருக்கழுக்குன்றம்.

இங்கே மதியம் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு, இங்கே சாப்பிட்டு, ராமேஸ்வரத்தில் தூங்கும் என்பது நம்பிக்கை. பறவை நூல்களின்படி அவை மஞ்சள்முகப் பாறு. ரயிலில் வந்தவர்கள் மதியத்துக்குள் மலை ஏறும்படி நேரத்தைக் கணக்குப் போட்டு வண்டியை விரட்டுவார்கள். 1990களுக்குப் பிறகு கழுகுகள் வருவது நின்றுவிட்டது. பாறுக் கழுகுகள் நாடு முழுவதுமே குறைந்துபோன காலம் அது.

அந்த மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்து தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் பெயரைக் கிறுக்குகிற பழக்கம் நேற்று வந்ததில்லை போலும்!

1974: இரண்டு கடற்கரைகள்

சுதந்திரத்துக்குப் பிறகு கார், பஸ் வந்தன. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி தொடங்கியது. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி பல வருடம் இதன் முதல்வராக இருந்தவர். பல்லவர்களோடு முடிந்துபோனதாக நினைத்த உளிச் சத்தம் ஊரில் மறுபடி பிழைப்பாக மாறியது. 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் கடற்கரை விடுதியும், மத்திய அரசின் ஐ.டி.டி.சி. விடுதியும் மாமல்லபுரத்துக்கு வந்தன. 2000களின் தொடக்கத்தில் மத்திய அரசு தன் ஹோட்டல்கள் சிலவற்றை விற்றபோது இந்த ஐ.டி.டி.சி. விடுதியும் தனியார் கைக்குப் போனது.

1974இல் கோவளத்தில், பழைய கோட்டை இருந்த இடத்தில், தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் திறந்தது. அதே 1974இல்தான் கரீபியன் கரையில் மெக்சிகோவின் கான்குன் நகரத்து முதல் ஹோட்டல்களும் திறந்தன. அங்கே மத்திய வங்கியே உட்கார்ந்து இடம் தேடி, கிட்டத்தட்ட ஆளில்லாத மணல் திட்டில் ஒரு நகரத்தையே கட்டியது. இங்கே அப்படிக் கட்ட முடியாது. மாமல்லபுரத்தின் மணல் காலி மணல் இல்லை. அங்கே மீனவர் குப்பம் இருந்தது, படகும் வலையும் இருந்தன, 1300 வருடக் கோயில் இருந்தது.

அதனால் இந்த ஊரின் விடுமுறைத் தொழில் சின்னச் சின்னதாகத்தான் வளர்ந்தது. ஒத்தவாடைத் தெருவில் மீனவக் குடும்பங்கள் மாடியில் இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டன. கீழே மீன் கடை, மேலே வெள்ளைக்காரர். தோளில் பையோடு வந்த வெளிநாட்டு இளைஞர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கினார்கள். சிலர் சிற்பிகளிடம் உளி பிடிக்கவும் கற்றார்கள்.

வணிகவியல் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சுற்றுலாப் பொருளாதாரத்தில் "கசிவு" என்று ஒரு சொல் உண்டு. பயணி செலவழிக்கும் பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் தங்காமல் வெளியே போய்விடுகிறது என்பதே கசிவு. எல்லாம் அடங்கிய பேக்கேஜ், வெளிநாட்டு ஹோட்டல், இறக்குமதி செய்த உணவு என்று ஓடும் கரீபியன் தீவுகளின் பெரிய தலைவலி இதுதான். ஒத்தவாடைத் தெருவின் மாடி ரூமில் கசிவு ரொம்பக் குறைவு. வாடகை வீட்டுக்காரருக்கு, மீன் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தது, சிலை எதிர்த் தெருவில் செதுக்கியது.

சாலை கொடுத்ததும் எடுத்ததும்

2000களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, சுங்கச் சாவடியும் வந்தது. படகில் ஒரு ராத்திரி ஆன தூரம் காரில் ஒன்றரை மணி நேரம். கூட்டம் பெருகியது. ஆனால் பயணியின் கணக்கு மாறிவிட்டது. காலையில் வந்து, அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் மூன்று மணி நேரத்தில் "முடித்து", போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். வழி நீளமாக இருந்தபோது வந்தவர் தங்கினார். வழி குறுகியதும் வந்தவர் திரும்பினார்!

ஊரின் பெயர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1984இல் யுனெஸ்கோ பட்டியல், 2017இல் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு, 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தது, 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட். கொரோனாவின் நிழல் நீங்காத 2021-22இல் 1,44,984 வெளிநாட்டினர் இங்கே டிக்கெட் வாங்கினார்கள். அந்த வருடம் தாஜ்மகாலுக்குப் போன வெளிநாட்டினர் 38,922 பேர்தான். டிக்கெட் பணம் தொல்லியல் துறைக்குப் போகும். ஊருக்குக் கிடைப்பது, வந்தவர் வெளியே என்ன வாங்கிச் சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்பதைப் பொறுத்தது.

கடல் போட்ட கணக்கு

2004 டிசம்பர் 26. கடல் முதலில் பின்வாங்கியபோது, தண்ணீருக்குள் வரிசையாகப் பாறைகள் தெரிந்ததாகக் கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு அலை வந்தது. மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் வாரிக்கொண்டு போன அதே சுனாமி, மணலை அரித்து சிங்கம் முதலிய பழைய சிற்பங்களை வெளியே காட்டியது. சாளுவன்குப்பத்தில் அதற்குப் பிறகு நடந்த அகழாய்வில் பழைய செங்கல் முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. உலகப் பத்திரிகைகள் கோயிலைப் பற்றி எழுதின. படகு போனவர்களுக்கு அந்தச் செய்தியால் என்ன லாபம்?

திட்டம் போடத் தெரிந்தவர்கள்

இந்த ஊருக்கு இன்றும் ஒழுங்காகத் திட்டம் போட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் இருளர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல பக்கத்திலிருந்தும் மாசி மகத்துக்குக் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும் என்பது நம்பிக்கை. நாலு கம்பு நட்டு, சேலையைக் கட்டினால் அதுதான் ரூம். மணலில் அடுப்பு. பௌர்ணமி விடியலில் மணலில் படி கட்டி, பூ வைத்து, கடலைப் பார்த்துப் பூசை. அங்கேயே பெண் பார்ப்பது, கல்யாணம், காது குத்து, பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம் நடக்கும். வருடம் முழுக்க செங்கல் சூளையிலும் வயல்காட்டிலும் சிதறிக் கிடக்கும் சொந்தபந்தம் சேரும் நாட்கள் இவை.

இதே இருளர்கள்தான் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. ஆனால் மாசி மகத்தன்று இவர்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் போதவில்லை என்ற செய்தி பல வருடம் வந்திருக்கிறது. கடற்கரை விடுதிகளும் வேலிகளும் கூடக் கூட, சேலைக் கூடாரம் போடும் மணல்தான் குறையும்.

அப்படியானால் எப்படிப் போவது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. எனவே ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாதங்கள். கால் நனைத்தால் போதும், நீந்த வேண்டாம். இந்தக் கடலில் உள்ளிழுப்பு அதிகம், வருடா வருடம் உயிர் போகிறது. காரில் கடற்கரைச் சாலை வழியாகப் போவதைவிட, ரயிலில் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனால் பழைய பயணிகளின் பாதை பாதியாவது கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு ராத்திரி தங்க வேண்டும். குப்பத்தை ஒட்டிய ஒரு மாடி ரூமில் படுத்தால், விடியும் முன்பே படகு இறங்கும் சத்தம் கேட்கும். எழுந்து போனால் கடற்கரைக் கோயிலின் மேல் முதல் வெயில் விழுவதைப் பார்க்கலாம். அந்த ராத்திரி வாடகை அந்தத் தெருவிலேயே செலவாகும். மாசி மகத்தன்று போகிறவர்கள், சேலைக் கூடாரங்களுக்கு நடுவே கேமராவோடு நுழையும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளவும். அன்றைக்கு அந்தக் கடற்கரையில் விருந்தாளி யார் என்பதில் சந்தேகம் வேண்டாம்.