யாழ் நரம்பும் தனி வாயிலும்

இசைக்கருவி ஒன்று நெடுங்காலம் வாழ்வது எதனால்? மரத்தின் உறுதியால் என்பர் சிலர். செய்தவனின் கைத்திறத்தால் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும், அறுந்த நரம்பைக் களைந்து புதிய நரம்பைக் கட்டுவார் இல்லையேல், எத்துணைச் சிறந்த கருவியும் வெறுங்கட்டையே ஆகும். அங்ஙனம் கட்டும் கை எங்கே மதிக்கப்படுகின்றதோ அங்கே இசை வாழும். எங்கே இழிக்கப்படுகின்றதோ அங்கே இசை மாளும். இதனை நம் யாழின் வரலாறு கொண்டே காட்ட முயல்கின்றேன்.

யான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையில், ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. மாலை வேளைகளில் கிதார் வாசிப்பது என் வழக்கம். சென்ற திங்கள் அதன் தந்திகள் ஒலி மழுங்கின. பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ் டவுன் சென்று, ஆறு தந்திகள் கொண்ட கட்டு ஒன்று வாங்கி வந்தேன். அவற்றுள் மெல்லிய இரண்டும் வெறும் எஃகுக் கம்பிகள். ஏனைய நான்கும் எஃகின்மேல் வெண்கல இழை சுற்றியவை. கடற்காற்றின் ஈரமும் விரலின் வியர்வையும் அச்சுற்றின் இடுக்கிற் புகுந்து துருவும் அழுக்கும் சேர்த்தலால் ஒலி கெடுகின்றது. பழையனவற்றைக் கழற்றிப் புதியனவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டி முறுக்காணியைத் திருகினேன். புதுத் தந்தி சில நாள் நீண்டு நெகிழும் இயல்பினது. ஆதலின் அன்றிரவே மும்முறை சுருதி திருத்த நேர்ந்தது. அவ்வேளையில், பெரியபுராணத்திற் படித்த நிகழ்ச்சி ஒன்று என் நினைவுக்கு வந்தது.

12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய அந்நூல், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாற்றைக் கூறுகின்றது. அவர் 7ஆம் நூற்றாண்டினர், ஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் இசைத்தவர், பாணர் குலத்தவர். மதுரைக் கோயிலுக்குச் சென்ற அவர் வாயிலிலேயே நின்றார். இறைவன் ஏவலால் அடியார்கள் அவரை உள்ளே அழைத்துச் சென்றனர். அங்கே, தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், ஆதலின் பலகை இடுக என வானில் ஒரு குரல் எழுந்ததாம். அவ்வாறே பொற்பலகை இடப்பட்டது. இது நிகழ்ந்ததா இல்லையா என்பதன்று நம் ஆராய்ச்சி. ஈரம் பட்டால் நரம்பு தளரும் என்னும் நுட்பத்தை அப்புலவர் அறிந்திருந்தார் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

கதை இத்துடன் முடியவில்லை. அப்பாணர் பின்னர்த் திருவாரூர் சென்றார்; அங்கும் வாயிலில் நின்றார். அவர் புகுதற்பொருட்டு வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டதாம். தோழர்களே, சிந்தியுங்கள்! நரம்புக்குப் பொற்பலகை இட்ட கருணை, அந்நரம்பை மீட்டிய மனிதனுக்குப் பொது வாயிலைத் திறந்துவிடவில்லை. அருளிலும் தனி வழியே அளிக்கப்பட்டது.

பண்டு நிலை இதுவன்று. பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள், யாழின் பத்தரையும் போர்வையையும் கோட்டையும் திவவையும் ஒவ்வொன்றாகப் புகழ்ந்துரைக்கின்றன. பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு 7. அவற்றைக் கட்டவும் தளர்த்தவும் வல்ல பாணருக்கு மன்னர் பொற்றாமரை சூட்டினர். பிற்காலத்திலோ, பாணர் குலத்திற் சார்த்தப்பட்ட திருப்பாணாழ்வார் திருவரங்கத்துட் புகாது காவிரிக் கரையிலேயே நின்று பாடினார் என்று வைணவ வரலாறு கூறும். பொற்றாமரைக்கும் ஆற்றங்கரைக்கும் இடையிலுள்ள தொலைவே பாணர் வீழ்ந்த தொலைவு.

யாழ் மறைந்தது அதன் அமைப்புக் குறையால் என்பாரும் உளர். அவர் கூற்றிலும் பொருள் உண்டு. யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. வீணையிலும் கிதாரிலும் ஒரே தந்தியைப் பல இடங்களில் அழுத்திப் பல சுரங்கள் பெறலாம். தருமபுரத்தில் ஞானசம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமையால், பாணர் தம் யாழையே முறிக்கத் துணிந்தார் என்னும் கதையும் இக்குறையையே சுட்டுகின்றது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், வீணைக்கு 24 மெட்டுகள் நிலையாக அமைந்தன என்பர்.

ஆனால் மேனாட்டு ஹார்ப்புக்கும் இதே குறை இருந்ததே! அது மாண்டதா? பாரிஸிலும் லண்டனிலும் தொழில் நடத்திய செபாஸ்டியன் எரார் என்னும் கைவினைஞர், காலால் மிதித்து நரம்பின் சுரத்தை இருபடி உயர்த்தும் பொறியை ஆக்கி 1810இல் உரிமை பெற்றார், கருவி பிழைத்தது. கிதாரின் கதையும் அத்தகையதே. முன்னர் அதற்கு ஆட்டுக்குடலே நரம்பு. இரண்டாம் உலகப்போரில், புண் தைப்பதற்குக் குடலிழை வேண்டப்பட்டமையால் நரம்பு அருகிற்று. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவி செய்வோர், 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலானை நரம்பாக்க முயன்றார். ஸ்பெயின் நாட்டுப் பெருங்கலைஞர் செகோவியா அவருடன் கலந்து ஆய்ந்து, அந்நரம்பை ஏற்றார். வாசிப்பவரும் செய்பவரும் ஒருங்கிருந்து பேசினர், குறை தீர்ந்தது. நம் நாட்டில் யாழின் குறையைத் தீர்க்கவல்ல கை பாணரின் கையே. அக்கையைத்தான் வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம்!

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த திங்களே அவர் மறைந்தார். இழந்த கருவியைக் கணக்கிட்டு மீட்க ஒரு பேரறிஞரின் வாழ்நாள் வேண்டியிருந்தது. வழிவழியாகப் பாணர் வீட்டுத் திண்ணையில் தந்தை மகனுக்குக் கற்பித்திருக்க வேண்டிய பாடம் அது.

பழங்கதை என்று இதனை ஒதுக்க என்னால் இயலவில்லை. என் பாட்டனார் உறுமி வாசித்தவர். தோட்டத்துக் கோயில் திருவிழா அவர் உறுமியின்றித் தொடங்காது. ஆயினும் பலிபீடத்துக்கு அப்பால் அவர் அடி வைத்ததில்லை. அவருக்குப் பின் அவ்வுறுமிக்குத் தோல் மாற்றுவார் எவருமில்லை. என் தந்தையார் அதனைத் தொடவில்லை, எனக்கும் கற்பிக்கவில்லை. இழிவோடு வந்த கலையை இழிவோடு சேர்த்தே அவர் துறந்துவிட்டார். அவரைக் குறை கூறுவது எங்ஙனம்? யானும் உறுமியைக் கற்காது கிதாரைக் கற்றேன்.

பினாங்கில் 1929இற் பிறந்த பி. ரம்லி, இளமையில் இவ்வூரிலேயே யுகுலேலியும் கிதாரும் வயலினும் பயின்று, மலாய் இசையின் தலைமகன் ஆனார். எக்குலத்தவன் நீ என்று எந்தக் கிதாரும் அவரைக் கேட்கவில்லை. யான் தந்தி வாங்கிய கடையில் வணிகர் சீனர். எனக்கு முன் நின்றவர் மலாய்க்காரர். பின் நின்றவன் தமிழன். அக்கடைக்கு வாயில் ஒன்றே. அனைவரும் அதன் வழியே புகுந்தோம். அதன் வழியே வெளிவந்தோம்.

யாழை மீட்போம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். நன்று. மரம் கிடைக்கும், நரம்பும் விலைக்குக் கிடைக்கும். முதலில் வாயிலை ஒன்றாக்குவோம். தோட்டத்தில் எஞ்சியுள்ள உறுமிக்காரரை அதன் வழியே உள்ளே அழைப்போம். அவர் மகன் அக்கருவியை நாணமின்றி ஏந்துவான்.