சிகாகோ லூப்

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் உள்ள சிகாகோ மாநகரத்தின் மைய வணிகப் பகுதி லூப் எனப்படுகிறது. இதன் வடக்கிலும் மேற்கிலும் சிகாகோ ஆறு, கிழக்கில் ஏரி, தெற்கில் ரூஸ்வெல்ட் சாலை ஆகியவை எல்லைகள். நகரின் 77 வட்டாரங்களில் இது 32ஆவது. பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர். மாநகராட்சி மன்றம், கூட்டரசு நீதிமன்றம், தானியச் சந்தை, பெரிய துணிக்கடைகள், நாடக அரங்குகள் என நகரின் முதன்மையான நிலையங்கள் பலவும் இந்தச் சிறிய பரப்புக்குள் நெருக்கமாக அமைந்துள்ளன.

பெயர்

லூப் என்றால் வளையம். 1880களில் கேபிள் டிராம்கள் இப்பகுதியைச் சுற்றித் திரும்பியது உண்மையே. எனினும் இந்தப் பெயர் மக்கள் வழக்கில் நிலைத்தது, 1897 அக்டோபரில் முழுமை பெற்ற உயர்தட ரயில் வளையத்தால்தான். லேக், வாபாஷ், வான் பியூரன், வெல்ஸ் ஆகிய நான்கு தெருக்களின்மேல் இரும்புத் தூண்கள் தாங்க, 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் இது செல்கிறது. இதை அமைத்தவர் டிராம் முதலாளி சார்லஸ் யெர்க்ஸ். தெருவின்மேல் தடம் போட அத்தெருவின் உடைமையாளர்களில் பெரும்பகுதியினர் ஒப்ப வேண்டும் என்பது அக்காலச் சட்டம். வான் பியூரன் தெருக் கடைக்காரர்கள் மறுத்தனர். யெர்க்ஸ் புதிதாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அதே தெருவில் மேற்கே வெகுதூரம் நீளும் தடம் என்று விண்ணப்பித்தார். மேற்குப்புற உடைமையாளர்களின் கையொப்பங்களால் கணக்கு நிறைந்தது.

தொடக்க வரலாறு

சிகாகோ என்னும் சொல், ஆற்றங்கரையில் விளைந்த காட்டுப் பூண்டைக் குறிக்கும் மயாமி-இலினாய் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. காட்டுப் பூண்டு ஈர நிலத்துச் செடி. இப்பகுதியின் பிற்கால வரலாற்றை நடத்தியதும் இந்த ஈரந்தான். 1780களில் கறுப்பின வணிகர் ழான் பாப்டிஸ்ட் புவான் து சாப்ள் ஆற்றின் வடகரையில் குடியேறினார். 1803இல் தென்கரையில் டியர்போர்ன் கோட்டை எழுந்தது. 1812 போரில் எரிந்து, 1816இல் மீண்டும் கட்டப்பட்டது.

மிச்சிகன் ஏரியை மிசிசிப்பி ஆற்றோடு இணைக்கும் கால்வாய்க்குப் பணம் திரட்ட, 1830 ஆகஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் என்ற நில அளவர் இங்கே 58 மனைத் தொகுதிகளைச் சதுரம் சதுரமாகக் கோடிட்டார்.   இன்றைய லூப்பின் வடமேற்குப் பகுதித் தெருக்கள் அந்தக் கோடுகளையே தொடர்கின்றன. 1833 உடன்படிக்கைக்குப் பின் பொட்டவாட்டமி மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பப்பட்டனர். 1837இல் சிகாகோ நகரமாயிற்று. 1848இல் கால்வாய் திறந்தது; அதே ஆண்டில் தானிய வணிகர்களின் சந்தை மன்றமும் தொடங்கியது.

சேறும் கடைக்காலும்

லூப்பின் நிலம் ஏரி மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த களிமண் சதுப்பு. கழிவுநீர் வடிய வழியின்றித் தெருக்கள் சேறாயின. 1854இல் காலரா பெருந்தொகையினரைக் கொண்டுபோனது. பொறியாளர் எல்லிஸ் செஸ்பரோ துணிச்சலான தீர்வு ஒன்றைத் தந்தார்: குழாய்களைத் தெருவின்மேலேயே பதித்து, மண் கொட்டித் தெருவை உயர்த்துவது. தெரு உயர்ந்ததும் வீடுகள் பள்ளத்தில் நின்றன. எனவே வீடுகளும் உயர வேண்டியதாயிற்று. 1858இல் நான்கு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றை 200 திருகு ஜாக்கிகளால் ஆறடிக்கு மேல் தூக்கினர். 1860இல் லேக் தெருவின் ஒரு மனைத் தொகுதியில் ஒரு பக்கம் முழுவதையும், 320 அடி நீளத்துக்கு, 600 பேர் 6,000 ஜாக்கிகளைத் திருப்பி உயர்த்தினர். உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

1871 அக்டோபர் 8 முதல் 10 வரை பற்றிய பெருந்தீயில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். வணிகப் பகுதி முற்றாக அழிந்தது. பாமர் ஹவுஸ் விடுதி திறந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை, அதுவும் எரிந்தது. வெறுமையான மனைகளுக்கு விலை ஏற, கட்டடங்கள் மேல்நோக்கி வளர்ந்தன. ஆனால் களிமண் எடை தாங்கவில்லை. கட்டடக் கலைஞர் ஜான் ரூட், தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிக் காங்கிரீட்டில் புதைத்துத் தெப்பம்போன்ற கடைக்காலை 1880களின் தொடக்கத்தில் அமைத்தார். தெப்பமும் மெல்ல அமிழ்ந்தது. 1889இல் முடிந்த ஆடிட்டோரியம் கட்டடத்தின் கோபுரப் பகுதி இரண்டடிக்கு மேல் இறங்கியதால், அதன் முன்கூடத் தளம் இன்றும் சரிந்திருக்கிறது. 1894இல் பங்குச் சந்தைக் கட்டடத்தின் ஒரு சுவருக்கு மட்டும் கிணறு தோண்டிக் கெட்டி நிலம்வரை தூண் இறக்கினர். பக்கத்து நாளிதழின் அச்சு இயந்திரங்கள் அசையக்கூடாது என்பதே காரணம். உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னர் இம்முறையே வழக்கமாயிற்று.

வானளாவிகளின் வகைகள்

லூப்பின் உயர்ந்த கட்டடங்களை, எடையைத் தாங்கும் உறுப்பைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். 

முதல் வகை சுவர் தாங்குவது: 1891இல் எழுந்த 16 மாடி மொனாட்நாக்கின் வடபாதி. அதன் செங்கல் சுவர் அடியில் ஆறடி தடிமன். 

இரண்டாவது வகை சட்டகம் தாங்குவது: வில்லியம் ஜென்னி வடிவமைத்து 1885இல் முடிந்த 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம். உலகின் முதல் வானளாவி என்று பலரும் கூறும் இது 1931இல் இடிக்கப்பட்டது. 1895இல் முடிந்த ரிலையன்ஸ் கட்டடத்தில் சுவர் பெரும்பாலும் கண்ணாடியாகவே ஆகிவிட்டது. 

மூன்றாவது வகை குழாய் தாங்குவது: டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான், ஒன்பது சதுரக் குழாய்களை ஒரு கட்டாகச் சேர்த்து நிறுத்திய 110 மாடி சியர்ஸ் கோபுரம். 442 மீட்டர் உயரமுள்ள இது 1998 வரை உலகிலேயே உயர்ந்த கட்டடமாக இருந்தது; 2009 முதல் வில்லிஸ் கோபுரம் எனப்படுகிறது.

நிலத்தடி

தெருக்களுக்கு 40 அடி கீழே, 1899 முதல் தோண்டப்பட்ட குறுகிய சரக்கு ரயில் சுரங்கங்கள் ஏறத்தாழ 60 மைல் நீளத்துக்கு ஓடின. நிலக்கரியும் சாம்பலும் அவற்றில் போய்வந்தன. 1992 ஏப்ரல் 13 அன்று, கின்சி தெருப் பாலத்தருகே ஆற்றில் அடித்திருந்த முளைகளால் சேதமுற்ற சுரங்கத்துக்குள் ஆற்றுநீர் புகுந்தது. தெருவில் ஒரு சொட்டு நீர் இல்லாமலே அடித்தளங்கள் நிரம்பி, மின்சாரம் நின்று, லூப் முழுவதும் காலியானது.

பண்பாடு

மிச்சிகன் நிழற்சாலையில் உள்ள கலைக்கூடக் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று உலகச் சமயப் பேரவை கூடியது. அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை நண்பர்கள் பணம் திரட்டி அனுப்பிய விவேகானந்தர் உரையாற்றியது இங்கேதான். சோழர் காலத்து நாகப்பட்டினம் கருங்கல் புத்தர் ஒன்று இக்கலைக்கூடத்தில் உள்ளது. பிக்காசோவின் எஃகுச் சிற்பம் (1967), கால்டரின் செந்நிற 'ஃபிளமிங்கோ' (1974), மிலேனியம் பூங்காவில் அனிஷ் கபூரின் 'மேகவாயில்' ஆகியவை பொது இடங்களில் உள்ளன.

இன்றைய நிலை

2010இல் 29,283ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 42,298 ஆயிற்று. கொரோனாவுக்குப் பின் காலியான அலுவலகங்கள் சில, லசால் தெருவில் குடியிருப்புகளாக மாற்றப்பட்டு வருகின்றன.